ஜெலாட்டின் பலகையில் இலையச்சு எடுத்தல்

சிறு அளவில் பண்டங்கள் செய்து விற்கும் ஐக்கிய சங்கங்களுக்கும் மாதர் குழுக்களுக்கும் பண்டத்தைச் செய்வதைவிட அதற்குரிய உறையைத் தேடுவதே பெருந்தொல்லையாக முடிகிறது. ஒரு குழு மாதந்தோறும் எண்பது புட்டி ஊறுகாயோ அறுபது கட்டி சோப்போ செய்கிறது எனக் கொள்க. அச்சகத்துக்குச் சென்றால் ஆயிரம் லேபிலுக்குக் குறைந்து அடிப்பது கட்டுப்படியாகாது என்பார்கள். ஆயிரம் அடித்து வைத்தால் ஓராண்டுக்கு அவை மூட்டையிற் கிடக்கும். அதற்குள் விலை மாறும், முகவரி மாறும், கறையானும் தன் பங்கைக் கேட்கும். கணினி அச்சில் நூறு பிரதிகள் எடுப்பது இப்போது சாத்தியமே. எனினும் தெருவிலுள்ள மற்றெல்லாச் சரக்கின் லேபிலும் அதே இயந்திரத்தில் அதே பூமாலைப் படத்துடன் வெளிவருவதால், வாங்குவோரின் கண் அதில் நிற்பதில்லை. வெற்றுறையில் விற்றாலோ, நல்ல சரக்கும் பெயரில்லாச் சரக்கின் விலைக்கே போகிறது.

இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பக்கூடிய கைவேலையொன்று உண்டு. ஜெலாட்டினைக் காய்ச்சித் தட்டில் ஊற்றி உறையவைத்த பலகையின்மேல் வர்ணம் பூசி, இலை தழைகளை வைத்து, தாளில் அச்சு எடுப்பதே அது. இயந்திரம் வேண்டுவதில்லை, கையின் அழுத்தமே போதும். ஆனால் இதில் இறங்கு முன் ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். இம்முறையில் ஒரு முறை பூசிய வர்ணத்துக்கு ஓரச்சு, மிஞ்சினால் இரண்டச்சுத்தான் வரும். அடுத்த அச்சு முந்தியதைப் போல் ஒருபோதும் இராது. அச்சகத்தின் வேலையை இதனிடம் கேட்பவர் ஏமாறுவர். அச்சகம் செய்யமாட்டாத வேலையை இதனிடம் கேட்கலாம்.

ஜெலாட்டினைக் கொண்டு அச்சிடுவது புதிய யுக்தி அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஹெக்டோகிராப் என்னும் படியெடுக்கும் சாதனம் உலகெங்கும் பரவிற்று. நூறு படி என்று பொருள்படும் கிரேக்கப் பெயரை அதற்கு இட்டனர். அனிலீன் சாயம் கலந்த ஊதா மையினால் எழுதிய தாளைக் கிளிசரின் கலந்த ஜெலாட்டின்மேல் சில நிமிஷங்கள் ஒட்டிவைத்தால் சாயம் அதற்குள் இறங்கும். பிறகு வெற்றுத் தாள்களை ஒன்றன்பின் ஒன்றாக அதன்மேல் படியவைத்து எடுக்கலாம். பெயர் நூறென்று சொன்னாலும், ஐம்பதைத் தாண்டுமுன்பே எழுத்து வெளிறத் தொடங்கிவிடுவதுதான் பெரும்பாலும் கண்டது. பள்ளிக்கூடங்களும் சிறு காரியாலயங்களும் நெடுங்காலம் அதைக் கொண்டு காலந்தள்ளின.

இலையை அச்சுக்குப் பயன்படுத்துவதோ அதனினும் பழமையானது. 1730-களின் இறுதியில் அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்கிளின் காகித நாணயங்களை அச்சிட்டபோது, மெய்யான இலையிலிருந்து வார்த்தெடுத்த உலோக அச்சை அவற்றின் பின்புறத்தில் பதித்தார். எந்த இரண்டு இலைகளின் நரம்பும் ஒத்திராதாகையால் கள்ள நோட்டு அடிப்பவருக்கு அது எட்டவில்லை. நம் நாட்டிலும் 1857-ஆம் ஆண்டில், சென்னையில், ஹென்றி ஸ்மித் என்பவர் செடிகளைக் கொண்டே நேரே எடுத்த இயற்கையச்சுக்களின் மாதிரித் தொகுதி ஒன்றை வெளியிட்டிருக்கிறார். ஆகவே சென்னைக்குத் தெற்கே ஒரு குழு பூவரசிலையை அச்சிட முற்பட்டால், அது எங்கிருந்தோ வந்த விளையாட்டு என்று எண்ண வேண்டுவதில்லை.

பலகை செய்யும் முறை வருமாறு. ஜெலாட்டின் தூள் 60 கிராம், கிளிசரின் 250 மில்லி, தண்ணீர் 300 மில்லி ஆகியவை வேண்டும். இவை 25 செண்டிமீட்டர் நீளமும் 20 செண்டிமீட்டர் அகலமும் உள்ள தட்டில் ஏறக்குறைய ஒரு செண்டிமீட்டர் கனத்துக்கு நிற்கும். கிளிசரினில் தூளைத் தூவிக் கட்டியில்லாமல் கலக்கி, தண்ணீரில் பாதியைக் குளிர்ந்தபடியே சேர்த்துப் பத்து நிமிஷம் ஊறவிட வேண்டும். தூள் நீரைக் குடித்து உப்பிய பின், மீதித் தண்ணீரைச் சுடவைத்து ஊற்றி, பாத்திரத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்தினுள் வைத்து மெதுவாகக் கிளற வேண்டும். நேரே அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடலாகாது; கொதித்த ஜெலாட்டின் தன் இறுக்கத்தை இழந்துவிடும். வேகமாகக் கடைந்தால் நுரை உண்டாகி, ஒவ்வொரு நுரையும் பின்னால் அச்சில் ஒரு வெள்ளைப் பொட்டாக வந்து நிற்கும். தட்டில் ஊற்றியவுடன் ஒரு காகிதத் துண்டின் விளிம்பினால் மேற்பரப்பை வழித்தால் குமிழிகள் ஒதுங்கும். தட்டு மட்டமான இடத்தில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் அநேகர் தவறுவது இங்கேதான். ஒரு பக்கம் கனத்தும் ஒரு பக்கம் மெலிந்தும் உறைந்த பலகையில் தாள் எங்கும் ஒரே சீராகப் படியாது.

கிளிசரின் சேர்த்த பலகை கெட்டுப்போகாமல் பல மாதங்கள் இருக்கும். கீறல் விழுந்தால் மறுபடியும் கொதிநீரில் வைத்து உருக்கி ஊற்றிக்கொள்ளலாம். வெறுந் தண்ணீரில் செய்வது மலிவு. ஆனால் குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் சில நாட்களில் பூசணம் பூக்கும்.

இவ்விடத்தில் பருவத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டியிருக்கிறது. இத்தொழிலைப் பற்றிய குறிப்புக்களிற் பெரும்பாலானவை குளிர்நாட்டார் எழுதியவை. தண்ணீரில் உறைந்த ஜெலாட்டின் 30 முதல் 35 டிகிரி செண்டிகிரேடு வெப்பத்திலேயே இளகத் தொடங்கும் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. பெருங்களத்தூரிலோ அக்கினி நட்சத்திர நாட்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஓட்டுக் கட்டடத்தில், பிற்பகல் இரண்டு மணிக்கு, குளிர்நாட்டு அளவின்படி செய்த பலகையை எடுத்தால் அது பலகையாக இராது, கஞ்சியாக இருக்கும். ஆகையால் சித்திரை, வைகாசியில் வேலை செய்ய விரும்புவோர் ஜெலாட்டினை 80 கிராமாக உயர்த்திக்கொண்டு, விடியற்காலையில் வேலையைத் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். தட்டின்கீழ் ஈரமணல் பரப்பிய மண்தட்டு ஒன்றை வைப்பது நலம். மார்கழி, தை மாதங்களில் இக்கவலை ஒன்றும் இல்லை. பொங்கற் சந்தைக்கு வேண்டியவற்றை அப்போதே செய்து கட்டி வைக்கலாம்.

வெப்பத்துக்கு வேறொரு மாற்றும் உண்டு. அது மற்றொரு சங்கடத்தையும் தீர்க்கிறது. ஜெலாட்டின் என்பது கால்நடைகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. அதைத் தொட மனமில்லாத அங்கத்தினர்கள் எந்தக் குழுவிலும் இருப்பார்கள். அவர்களை வற்புறுத்துவது முறையன்று. அவர்கள் கடற்பாசியைக் கொண்டு பலகை செய்யலாம். கடைகளில் சைனா கிராஸ் என்று விற்பதும், இராமநாதபுரத்துக் கடற்கரைப் பெண்கள் மூழ்கியெடுக்கும் பாசியிலிருந்து செய்வதும் இந்த அகர்தான். 600 மில்லி நீருக்கு 12 முதல் 15 கிராம் தூள் போதும். ஆனால் இதை நன்றாகக் கொதிக்கவைத்தே கரைக்க வேண்டும். ஜெலாட்டினுக்குச் சொன்ன விதி இங்கே நேர்மாறாகும். ஒரு முறை உறைந்த கடற்பாசி 85 டிகிரி வரையில் இளகாது. எந்தக் கோடைக்கும் அஞ்ச வேண்டியதில்லை. குறை என்னவெனில் இது ஜெலாட்டினைப் போல் வளைந்து கொடாது, எளிதில் விண்டுபோகும். நீரில் கால் பங்குக்குப் பதிலாகக் கிளிசரின் விட்டால் விள்ளுவது சற்றுக் குறையும். தட்டிலிருந்து கவிழ்த்தெடுக்காமல் தட்டோடு வைத்தே அச்செடுப்பது நல்லது.

இனி இலைகள். பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கங்களில் வேலியோரத்திலும் வீட்டுக் கொல்லையிலும் கிடைப்பவையே போதுமானவை. அரசும் பூவரசும் தெளிவான நரம்புள்ளவை. ஆமணக்கிலை விரிந்த கைபோல் வந்து பெரிய தாளை நிரப்பும். வேம்பும் முருங்கையும் சிறு சீட்டுக்களுக்கு ஏற்றவை. எருக்கிலை தடித்துப் பால் வடிப்பதாகையால் உதவாது. சீமைக்கருவேலின் முள் பலகையைக் கிழித்துவிடும். பறித்தவுடன் இலையில் நீர் மிகுந்திருக்கும். பழைய செய்தித்தாளின் நடுவே ஒரு பகல் அழுத்திவைத்த இலையே நன்றாகப் படியும். முற்றிலும் காய்ந்த சருகு நொறுங்கிப் பலகையில் தூளாக ஒட்டிக்கொள்ளும்.

வர்ணத்துக்கு நீரிற் கரையும் அக்ரிலிக் வர்ணம் போதும். பலகையின்மேல் சிறிது வைத்து ரப்பர் உருளையால் மெல்லிய படலமாகப் பரப்ப வேண்டும். பூசியது போதாதோ என்று ஐயம் தோன்றும் அளவே சரியான அளவு. புதிதாகப் பழகுவோர் எல்லாரும் அதிகமாகவே பூசுவர். அப்போது நரம்பெல்லாம் வர்ணத்தில் மூழ்கிவிடும். நம் வெயிலில் இவ்வர்ணம் ஓரிரு நிமிஷத்தில் காய்ந்துவிடுமாதலால், மின்விசிறியை நிறுத்திவிட்டு, வர்ணத்தில் ஒரு துளி கிளிசரின் கலந்துகொள்வது வழக்கம்.

நரம்பு புடைத்திருக்கும் அடிப்புறம் வர்ணத்தைத் தொடும்படி இலையை வைத்து, மேலே தாளைப் பரப்பி, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தேய்த்துத் தாளை எடுக்க வேண்டும். இம்முதல் அச்சில் சுற்றிலும் வர்ணமும், இலை இருந்த இடம் வெள்ளையுமாக இருக்கும். இத்துடன் முடிந்ததென்று பலகையைத் துடைத்துவிடுவோர் சிறந்ததை இழந்தவராவர். இலையை ஊசிமுனையால் மெல்லக் கிளப்பி எடுத்துவிட்டு மற்றொரு தாளை வைத்து அழுத்தினால், இலையின்கீழ் எஞ்சியிருந்த வர்ணம் நரம்பு நரம்பாக எழுந்து வரும். இதை நிழலச்சு எனலாம். வர்ணம் குறைவாகவும் நுட்பம் மிகுதியாகவும் உள்ள இவ்விரண்டாம் அச்சுக்கே விலை அதிகம் கேட்கலாம்.

கைப்பழக்கம் ஒரு வாரத்தில் வந்துவிடும். பெரும்பாலான குழுக்கள் அதோடு நின்றுவிடுவதுதான் குறை. பார்ப்பவர் கையிலெடுத்து வாங்குவதும் வைத்துவிட்டுப் போவதும் இலைகளைத் தாளில் எங்கே வைப்பது, எத்தனை வைப்பது, எவ்வளவு இடத்தை வெறுமையாக விடுவது என்பவற்றைப் பொறுத்தே இருக்கின்றன. இவற்றைச் சித்திரக் கலாசாலையில் போய்த்தான் கற்க வேண்டும் என்பதில்லை. நம் வீடுகளில் நாள்தோறும் நடப்பவற்றிலேயே இவற்றின் இலக்கணம் இருக்கிறது. அதைப் பெயர்த்துத் தாளுக்குக் கொண்டுவருவதே வேலை.

தலைவாழை இலையில் பரிமாறுவதைப் பார்க்க. உப்பும் ஊறுகாயும் மூலையில் சிறிதாக இருக்கும். கறியும் கூட்டும் பச்சடியும் மேற்பாதியில் தனித்தனியே நிற்கும். கீழ்ப்பாதி முழுவதையும் சோற்றுக்கென்று ஒழித்து விடுவர். எல்லாவற்றையும் ஒரே அளவாக, இடைவெளியின்றி வைத்த இலையின் முன் யாரும் மகிழ்ந்து அமர்வதில்லை. தாளும் அவ்வாறே. ஒன்று பெரிதாகவும் மற்றவை அதற்கு அடங்கியும் இருக்க வேண்டும். அந்த ஒன்றைக் கண் முதலில் சென்று சேர வேண்டும். ஐந்து பூவரசிலைகளை ஒரே அளவில் வரிசையாக அடுக்கினால் கண்ணுக்கு எதைப் பார்ப்பதென்று தெரியாது. ஒரு பெரிய அரசிலையும் அதன் காம்பருகில் இரண்டு சிறு வேப்பிலையும் வைத்தால் தெரிந்துவிடும்.

சமநிலை என்பதை நம்மவர் கோலத்திலிருந்து நன்கு அறிவர். புள்ளிக் கோலத்தில் இடப்பக்கம் உள்ளதே வலப்பக்கமும் வரும். நடுவிலிருந்து எத்திசையிற் பார்த்தாலும் ஒக்கும். பெட்டியின் மூடிக்கும் நோட்டுப் புத்தகத்தின் அட்டைக்கும் இவ்வகை ஒழுங்கு மிகப் பொருந்தும். ஆனால் மெய்யான இலை ஒன்றுக்கொன்று ஒவ்வாததாகையால் அவற்றைக் கொண்டு இருபுறமும் ஒத்த கோலம் போட முயன்றால் தவறிய கோலம் போல் காணும். அங்கே வேறுவகைச் சமநிலை வேண்டும். பழைய வெள்ளிக்கோலை அறிந்தவர்க்கு அது எளிதில் விளங்கும். ஒரு பக்கத்துக் கொக்கியில் கனத்த மூட்டை, மறுபக்கத்து நீண்ட தண்டில் சிறு குண்டு. மூட்டைக்கு ஈடாக மற்றொரு மூட்டையைத் தேடுவதில்லை. குண்டைத் தள்ளித்தள்ளி வைத்தே நிறையைக் காண்பர். தாளில் இடப்பக்கம் நடுவோரமாக ஒரு பெரிய ஆமணக்கிலை இருந்தால், வலது மூலைக்கருகே ஒரு சிறு முருங்கைக் கொத்து அதைத் தாங்கிநிற்கும். கொத்தை உள்ளே தள்ளினால் தாள் ஒரு பக்கமாகச் சாய்ந்ததுபோல் தோன்றும். அச்சிடுமுன் வெறுந் தாளின்மேல் இலைகளை வைத்து நகர்த்திப் பார்த்தால், எவ்விடத்தில் நிறை நிற்கிறதென்று கண்ணே சொல்லும். வர்ணம் பூசிய பிறகு யோசிப்பதற்கு நேரம் இராது.

வர்ணத்துக்குக் காஞ்சிபுரத்துப் பட்டே ஆசான். அங்கே உடலை ஒரு நிறமாகவும் கரையை அதற்கு மாறான நிறமாகவும் வெவ்வேறு நாடாக்களால் நெய்து, இரண்டும் சந்திக்குமிடத்தில் கோர்வை போட்டு இணைப்பர். அரக்குக்கு மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சைக்குக் குங்குமச் சிவப்பும் எதிர் நின்று ஒன்றையொன்று விளக்கும். அந்தச் சேலையில் எத்தனை நிறம் என்று எண்ணினால் பெரும்பாலும் இரண்டு, ஜரிகையோடு மூன்று. இலையச்சிலும் இரண்டு நிறங்களுக்கு மேற்போகாத குழு பிழைக்கும். ஐந்தாறு நிறங்களையும் ஒரே தாளில் போட்டால் பலகையைக் கழுவிய நீரைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

வெற்றிடத்தை விடுவது எல்லாவற்றிலும் கடினம். செலவழித்து வாங்கிய தாளில் பாதியை வீணாக்குவதா என்று கை துடிக்கும். ஆனால் சாணம் தெளித்த வாசல் முழுவதையும் மாவினால் மூடிவிட்டால் கோலம் ஏது? தரை தெரிவதனால்தான் இழை தெரிகிறது. பெயரெழுத வேண்டிய இடம் ஒருபுறமிருக்க, அதற்கு அப்பாலும் தாளில் மூன்றிலொரு பாகத்தையாவது ஒன்றுமில்லாமல் விட்டுப் பழக வேண்டும்.

விற்பனை விஷயத்தில் சில எச்சரிக்கைகள் வேண்டும். ஓரச்சுக்கு ஐந்து நிமிஷம் என்று கொண்டால் ஒருவர் மணிக்குப் பன்னிரண்டு தாள் எடுக்கலாம். அவற்றில் இரண்டொன்று கழியும். இந்தக் கணக்குக்குள் அடங்குகிற பண்டங்களுக்கே இது ஏற்றது. பரிசுப் பெட்டி, கல்யாணத் தாம்பூலப் பை, நோட்டு அட்டை, துணியோடு தொங்கும் சீட்டு ஆகியவை அத்தகையன. 2021-ஆம் ஆண்டு நவம்பரில் அமைந்த தாம்பரம் மாநகராட்சியில் பெருங்களத்தூருடன் அனகாபுத்தூரும் அடங்கியிருக்கிறது; அங்கே வாழைநார் முதலியவற்றைக் கொண்டு நெய்யும் நெசவாளர் உள்ளனர். அத்தகைய நார்த்துணியோடு இலையச்சுச் சீட்டொன்று தொங்குவது எவ்வளவு பொருத்தம் என்பதை விளக்க வேண்டுவதில்லை. இரண்டு ரூபாய்ச் சரக்கின் பொட்டலத்துக்கு இதைச் செய்வது கூலியைக் கிணற்றில் போடுவதாகும்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. பொட்டலத்தில் விற்கும் சரக்குக்கு 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி செய்தவர் பெயர், முகவரி, பண்டத்தின் பெயர், நிகர எடை, செய்த மாதமும் வருஷமும், விற்பனை விலை முதலியன தெளிவாக இருக்க வேண்டும். உணவுப் பண்டமாயின் உணவுப் பாதுகாப்பு இலாகாவின் பதிவெண்ணும் வேண்டும். இவற்றை இலையச்சின்மேல் கையால் எழுத முயல்வது தவறு. நிழலச்சின் நரம்புகளுக்கிடையே எழுத்து மறையும். விவரங்களைச் சிறு வெள்ளைச் சீட்டில் தனியே அச்சிட்டு, வெற்றிடமாக விட்ட பாகத்தில் ஒட்டிவிட வேண்டும். உணவைத் தொடும் உட்புறத்தில் வர்ணம் படலாகாது.

கழிந்த அச்சுக்களை எறிந்துவிடாமல் துண்டு செய்து விலைச்சீட்டாகவோ சங்கத்தின் கணக்குப் புத்தகங்களுக்கு மேலுறையாகவோ கொள்ளலாம். வேலையைப் பங்கிடுகையில், இலை பறித்து அழுத்துபவர், வர்ணம் பூசுபவர், தாளெடுத்துக் கொடியில் மாட்டுபவர் என மூவராக நின்றால் வர்ணம் காயுமுன் வேலை முடியும். இலைகளை அமைப்பது மட்டும் ஒருவரிடமே இருப்பது நல்லது. அவர் வீட்டில் நன்றாகக் கோலம் போடுகிறவராக இருந்தால் பாதி வேலை முன்பே முடிந்ததென்று கொள்ளலாம்.

பயிற்சி: குழுவின் அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வோர் அங்கத்தினரும் மூன்று வகை இலைகளை ஒரு பகல் அழுத்திக் கொண்டுவருக. ஒரே அளவான பழுப்புத் தாள்கள் ஆறில், ஒரே நிறத்தில், ஒரு பெரிய இலையையும் இரண்டு சிறிய இலைகளையும் மட்டும் கொண்டு ஆறு வெவ்வேறு அமைப்புக்களை எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நிழலச்சும் எடுத்துக்கொள்க. பன்னிரண்டையும் பெயரில்லாமல் சுவரில் வரிசையாக மாட்டி, குழுவில் சேராத ஒருவரை அழைத்து, பத்தடி தள்ளி நின்று எதை முதலில் பார்த்தார் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்க. எது அழகென்று அவரிடம் கேட்கவேண்டாம்.